சீசனுக்கு ஒழித்துக் கொடுத்த வீடு

மக்கா,

ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஓடு எப்படி இருக்கிறது என்று பார்க்க, போன வாரம் கன்னியாகுமரி வீட்டைத் திறந்தேன். உப்புக் காற்றில் பூட்டு இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்துதான் திறக்க முடிந்தது. பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போனேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் நீ நட்ட மரக்குற்றி இன்னும் நிற்கிறது. அதில் ஒரு முழம் தென்னங்கயிறு முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றின் மிச்சத்தை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அஞ்சல் பையின் வாயைக் கட்டுகிற முடிச்சு. இந்த ஊரில் அதைப் போடத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

நீ செத்து இரண்டு மாதம் ஆகிறது. கடிதம் எழுதினால் வாசிக்க ஆளில்லை என்று தெரியும். சின்ன வயசிலிருந்தே என் கூட்டுக்காரனாக, உயிர்ச் சிநேகிதனாக இருந்த உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுத வேண்டிய நாட்களில் வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன். அதைப் பற்றித்தான் இது.

நாடு விடுதலையான மறுவருஷம் நீ கொட்டாரத்தில் என் பலசரக்குக் கடைக்கு வந்து நின்றாய். கன்னியாகுமரி அஞ்சல் ஆபீசுக்கு உன்னை மாற்றியிருந்தார்கள். உன் மனைவி பகவதிக்கு வைசூரி கண்டு கண் இரண்டும் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. அவளை உன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போ என்று உன் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. என் அம்மை வழியில் வந்த வீடு, கோயிலுக்கு மேற்கே இரண்டாம் தெருவில் சும்மா கிடந்தது. "எனக்குத் தா மக்கா, வாடகை தந்திருவேன்" என்றாய். அன்றைக்கே சாவியைக் கொடுத்தேன்.

நீங்கள் குடிவந்த இரண்டாம் நாள் ஒரு குலை மட்டிப்பழத்தோடு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. நீ துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அடுக்களையிலிருந்து கிணற்றடிக்கு நடந்துகொண்டிருந்தாய். முழங்கால் அம்மியில் இடித்தது. "ம்ம்" என்று முனகிவிட்டு, குனிந்து அம்மியைத் தடவிப் பார்த்தாய்.

"என்னலே கூத்து இது?" என்றேன்.

"மெல்லப் பேசு. அவ உள்ள கெடந்து உறங்குகா. எங்க முட்டும் எங்க தட்டும்னு மொதல்ல எனக்குத் தெரியாண்டாமா?"

அம்மியைச் சுவரோரம் தள்ளினாய். உன்னால் தனியாக நகர்த்த முடியாமல் போக, நானும் ஒரு கை பிடித்தேன். அடுக்களை வாசலிலிருந்து கிணறு வரைக்கும் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினாய். ஆபீசில் லீவு சொல்லிவிட்டு பத்து நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாய். மூன்று மாதம் கழித்து நான் வந்தபோது வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே பகவதி, "அண்ணாச்சியா, வாங்க" என்றாள். செம்பில் வெள்ளம் மொண்டு நேரே என் முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். அன்றைக்கு அவள் தனியாக நின்று வைத்த உள்ளித்தீயலை நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவளுக்குக் கண் தெரியாது என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. நீ எதிரில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்படி நீ சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ஊருக்கு ஆள்வரத்து கூடியது. திருவனந்தபுரத்திலிருந்து சர்க்கார் பஸ் நாளுக்கு நாலைந்து தடவை வந்தது. காரில் குடும்பம் குடும்பமாக வந்து சூரியன் உதிப்பதும் அடைவதும் பார்த்தார்கள். அமாவாசைக்கு மதுரை, திருநெல்வேலிக்காரர்கள் வந்து தங்க இடமில்லாமல் தெருவில் சமைத்தார்கள். என் மச்சினன் தாணு இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்துகொண்டான்.

"கடலப் பாத்துக் கெடக்க வீட்டுல மாசக் குடி வச்சிருக்கது ஒங்க ஒருத்தருக்குத்தான் தோணும், அத்தான்" என்றான். "நாள் கணக்குக்கு விடணும், கேட்டியளா. பெரிய பெரிய ஆளுவ வருவாவ. நம்மளத் தேடி வருவாவ."

அவன் சொன்னதில் பணத்தைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புளியும் மிளகாயும் நிறுத்துக் கொடுக்கிறவனைத் தேடி திருவனந்தபுரத்து அதிகாரிகள் வருவார்கள் என்ற ஆசை. ஆனால் உன்னைக் காலி பண்ணச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதம் யோசித்தேன். நிரந்தரக் குடி என்றால் நீ, நாள் கணக்கு என்றால் அவர்கள். ஒன்றை விட்டால்தான் மற்றது. அப்புறம் ஒரு நாள் எனக்கு அந்த வழி தோன்றியது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே! கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கே அஞ்சல் ஆபீசுக்கு ஓடி வந்தேன்.

நீ பைக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தாய்.

"மூணே மூணு மாசம், மக்கா. கார்த்திகை, மார்கழி, தை. சீசனுக்கு மட்டும் ஒழிஞ்சு குடு. மாசி பொறந்தா வீடு ஒனக்குத்தான். அந்த மூணு மாசத்துக்கு வாடகையும் வேண்டாம்" என்றேன்.

நீ குடியிருக்காத மாதங்களுக்கு வாடகை வேண்டாம் என்றதைப் பெரிய மனசு என்றே அன்று நினைத்தேன். நீ முத்திரையை அரக்கில் அழுத்தி, ஆறும்வரை கையை எடுக்காமல் நின்றாய். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"சாமானத்த எங்க வைக்க?"

"கொட்டாரத்துல என் நெல்லுப் புரைக்குப் பக்கத்துல ஒரு சாய்ப்பு கெடக்கு. அங்ஙன இருந்துக்கலாம். மூணு மாசம்தான?"

"செரி" என்றாய். அவ்வளவுதான்.

என் கடை வண்டியைத்தான் அனுப்பினேன். பகவதி இறங்கும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள் என்று வண்டிக்காரன் பிறகு சொன்னான். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புரைச் சுவரை ஒட்டிச் சாய்த்து இறக்கின அந்தச் சாய்ப்புக்கு வந்தேன். நீ எங்கேயோ போயிருந்தாய். பகவதி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். என் சத்தம் கேட்டும் எழும்பவில்லை. "வாங்க அண்ணாச்சி. அங்ஙன எங்கயோ செம்புல வெள்ளம் இருக்கும், எடுத்துக் குடிங்க. எங்கன்னு எனக்குத் தெரியல்ல" என்றாள். நீ காலையில் சோறு வடித்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு ஆபீசுக்கு நடந்து போவாய், சாயங்காலம் நடந்து வந்து அடுத்த உலை வைப்பாய் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பகல் முழுக்க அவள் அந்தப் பாயை விட்டு இறங்குவதில்லை. புரையில் எலி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாளைப் போக்கினாள்.

மாசியில் திரும்பப் போனீர்கள். வந்து தங்கியவர்கள் வீட்டைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். அம்மி முற்றத்துக்கு வந்திருந்தது. நடுவழியில் அடுப்புக்கல் கூட்டியிருந்தார்கள். கயிற்றில் ஈரத்துணி போட்டுப் போட்டு அது தாழ்ந்து தரையைத் தொட்டது. தன் வீட்டுக்குள் வேகமாக நடந்த பகவதி நெற்றியை முட்டிக்கொண்டு விழுந்தாள். நீ மறுபடியும் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாய். இதை நீ சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கடைக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் வருஷமும் நானே வந்து கேட்க, நீ ஒழிந்து கொடுத்தாய்; அந்தத் தடவை சாய்ப்பில் அவள் கை வெந்தது. நீ வரத் தாமதமான ஒரு சாயங்காலம், உனக்குக் காப்பி போட்டு வைக்கலாம் என்று அடுப்பைத் தேடியிருக்கிறாள். நாலு நாள் கழித்து நான் வந்து பார்த்தபோது வலது கை முழங்கை வரைக்கும் வாழையிலை சுற்றியிருந்தது.

"ஏன் மக்கா எனக்கு ஆள் விடல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ வருத்தப்படுவே" என்றாய்.

அப்போது எனக்குள் வந்தது வருத்தமில்லை. நீ சொல்லாமல் இருந்ததில் ஒரு நிம்மதி. சொல்லியிருந்தால் சீசன் நடுவில் வந்தவர்களை எழுப்ப வேண்டியிருக்குமே என்ற நிம்மதி. இத்தனை வருஷத்தில் இதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம் புரட்டாசியில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீடு என்றுதான் கை எழுதுகிறது. சாப்பிட்டு முடிந்ததும் பகவதி வந்து என் எதிரே நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் சொன்னா வருத்தப்படுவியளா?"

"சொல்லு தங்கச்சி."

"இந்த வீட்டுக்குள்ள எனக்கு ஆள் வேண்டாம். வேற எங்க போனாலும் ஆள் வேணும். இந்த வருசம் எங்கள இஞ்சயே விட்டுருவியளா?"

முற்றத்தில் கைகழுவிக்கொண்டிருந்த நீ, "சும்மா கெட, பகவதி!" என்று சத்தம் போட்டாய். அவளிடம் நீ குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"நீ பேசாத" என்று உன்னை அடக்கினேன். "தங்கச்சி, இந்த வருசம் ஒருத்தனும் வரமாட்டான். நான் சொல்லுகேன்."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். திரும்பி வரும்போது வழி நெடுக எனக்கு என்னையே பிடித்திருந்தது.

கடைக்கு வந்தால் தாணு காத்திருந்தான். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு மார்கழி முழுக்கத் தங்க வருகிறார், வாக்குக் கொடுத்தாயிற்று என்றான். "அவரு ஒரு வார்த்த சொன்னா நம்ம சீனி பெர்மிட்டு நாளைக்கே கைக்கு வரும். இப்பம் இல்லன்னு சொன்னா கட நடத்தாண்டாம், பாத்துக்கிடுங்க."

இரண்டு வாக்கு. ஒன்று கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு நான் கொடுத்தது. மற்றது முகம் தெரியாத ஓர் அதிகாரிக்கு என் பேரில் கொடுக்கப்பட்டது. அவள் மன்னித்துவிடுவாள், அவர் மன்னிக்க மாட்டார். மன்னிக்காதவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கார்த்திகை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வண்டிக்காரனிடம், "இந்த வருசமும் ஒழிஞ்சு குடுக்கணும்னு சொல்லு, வண்டியிலயே கூட்டிட்டு வந்திரு" என்று சொல்லி அனுப்பினேன். வண்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. வேறு வண்டி பிடித்துக்கொள்வதாகச் சொன்னாயாம். சாய்ப்புக்கும் நீங்கள் வரவில்லை. நாலாம் நாள் கடைக்குத் தபால்காரர் வந்து ஒரு சின்னப் பொதியை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். வெள்ளைத் துணியில் தைத்து, நாலு மூலையிலும் அரக்கு முத்திரை. உள்ளே வீட்டுச் சாவி. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. துணியை இரண்டு தடவை உதறிப் பார்த்தேன்.

மாசி பிறந்தது. நீ வரவில்லை. குலசேகரத்துக்கு நீயாகவே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய் என்று ஆபீசில் சொன்னார்கள். மழையும் அட்டையும் காய்ச்சலும் உள்ள மலையடிவாரத்துக்கு யாரும் கேட்டுப் போவதில்லையே என்று அந்தக் குமாஸ்தா அதிசயப்பட்டார்.

வீடு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும். அதிகாரி வந்தார், இருந்தார், போனார். பெர்மிட் வரவில்லை. அடுத்த வருஷம் வந்தவர்கள் கூடத்தில் விறகு பிளந்தார்கள், தளம் உடைந்தது. நல்ல அறைகளோடு புது விடுதிகள் வந்தபிறகு, கரி பிடித்த அந்த வீட்டைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. தாணு வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டான். வருஷம் பன்னிரண்டு மாதமும் பூட்டிக் கிடக்கிற வீடாயிற்று அது.

நடுவில் ஒரு தடவை உன்னைத் தக்கலையில் பார்த்தேன். தாலுக்கா ஆபீஸ் முன்னால், பஸ்ஸுக்காக நின்றாய். மெலிந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாய். கடை எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாய். நீ திட்டுவாய் என்று நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அந்த ரோட்டிலேயே உன் கையைப் பிடித்து அழுதிருப்பேன். "தங்கச்சி சுகமா?" என்று மட்டும் கேட்டேன். "சுகம். பஸ்ஸு வருது மக்கா" என்றாய். ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்ற சேதி எனக்கு வந்து சேர்ந்ததே பன்னிரண்டாம் நாள்தான். பதினாறாம் நாளுக்கு வந்தேன். ரப்பர் தோட்டத்தை ஒட்டின சின்ன வீடு, ரப்பர் பால் புளித்த வாடை. பகவதியின் தங்கை துணைக்கு வந்திருந்தாள். ஆனால் துணையில்லாமலேயே பகவதி உள்ளேயிருந்து நடந்து வந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

"அண்ணாச்சிக்க செருப்புச் சத்தம்" என்றாள். அவளே போய்க் காப்பி கொண்டுவந்து தந்தாள். வலது கையில் வெந்த தழும்பு முழங்கை வரைக்கும் இருந்தது.

"அந்த வீட்டுல இப்பம் ஆரு இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆரும் இல்ல. பூட்டிக் கெடக்கு."

"எத்தன நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

அவள் அடுத்துக் கேட்பதற்குள் நானே முந்திக்கொண்டு பேசினேன். "நீ வந்துரு தங்கச்சி. வாடகை ஒண்ணும் வேண்டாம். ஒன் காலம் வரைக்கும் இருந்துக்க."

"இந்த வீடு கைக்கும் காலுக்கும் படிய எனக்கு ஒரு வருசம் ஆச்சு, அண்ணாச்சி. அவ்வோ கண்ணக் கெட்டிட்டு நடந்து பாத்து, கையப் புடிச்சுக் காட்டித் தந்தாவ. இனி அங்ஙன வந்தா ஆரு காட்டித் தருவா?"

"பழைய வீடுதான? ஒனக்குத் தெரியாத எடமா?"

"மறக்கணும்னு மறந்தேன்" என்றாள். "அது நெனப்புல கெடந்தா இது படியாதுன்னு அவ்வோ சொன்னாவ. ரெண்டு பேருமா சேந்து மறந்தோம்."

காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஓரிடத்திலும் தட்டாமல் போனாள்.

இந்த ஐப்பசியில் நம் தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கொட்டாரத்தில் வெடி போட்டார்கள், கடைக்குக் கடை மிட்டாய் கொடுத்தார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு வெளியே சொல்ல முடியாமல் நீ ஆசைப்பட்ட காரியம் அது. நானும் ஒரு மிட்டாய் வாங்கி வாயில் போட்டேன்.

இன்று காலையில் கடைக்கு ஒரு டீச்சர் வந்தார். கன்னியாகுமரியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், தாயும் அவருமாக இருக்க வீடு வேண்டும். அந்த வீடு கிடைக்குமா என்று கேட்டார்.

"கிடைக்கும். எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க" என்றேன்.

"நாங்க எந்த மாசம் ஒழியணும்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "மூணு வீடு பாத்தேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுகாங்க. சீசனுக்கு மூணு மாசம் ஒழிஞ்சு குடுக்கணும், அதுக்கு வாடகை வேண்டாம்னு. இந்த ஊரு வழக்கமே அதுதானாமே?"

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அஞ்சல் ஆபீசில் வைத்து நான் உன்னிடம் சொன்ன அதே சொற்கள். என் வாயிலிருந்து புறப்பட்டு, தெருத் தெருவாகப் போய், ஊர் வழக்கமாகி, என் கடைக்கே திரும்பி வந்து நிற்கின்றன.

"ஒழிய வேண்டாம், டீச்சர்."

அவர் நம்பவில்லை. "எழுதித் தருவீங்களா?" என்றார். ஒரு தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முன்பின் பார்க்காத ஒருத்தருக்கு அதைக் கொடுக்க எனக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் போனதிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ ஏன் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை? ஏன் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை? இத்தனை வருஷமும் உன் மேல் எனக்குள்ள கோபம் இதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ மறுத்திருந்தால் நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன் என்று உன் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தேன். இன்றைக்கு டீச்சரின் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் ஒரு வீட்டுக்காரனிடம் பேசினார், அதனால் கேட்க முடிந்தது. வீட்டுக்காரனாக வந்திருந்தால் நீயும் என்னை எதிர்த்து நின்றிருப்பாய். முதல் இரண்டு தடவை நான் கூட்டுக்காரனாக வந்தேன். மூன்றாம் தடவை வரவே இல்லை.